சர்க்கரை டப்பா இருக்கும் இடம்

அன்புள்ள கதாசிரியருக்கு,

நானும் மகளும் நலம். போனில் பேசினால், ‘ஷூட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

குளியலறைக் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. மகளுக்குக் கணக்கில் எழுபத்திரண்டு. அவளுக்கே ஆச்சரியம்.

உங்கள் தொடரை ஒருநாள் விடாமல் பார்க்கிறோம். முன்பெல்லாம் நீங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தால், சில வாரத்தில் தொடரில் வரும் மனைவியும் வைப்பாள். எனக்கு நீங்கள் வைத்த ‘சிடுமூஞ்சி’ என்ற பட்டப்பெயரையே அவளுக்கும் வைத்தீர்கள். வீட்டு மானத்தைக் கப்பலேற்றுகிறீர்களே என்று சண்டை போட்டேன். அந்தச் சண்டையும் தொடரில் வந்தது! என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் மாற்ற வருகிறவர்கள், ‘எங்க வீட்ல நடக்கறது அப்படியே வருதும்மா’ என்பார்கள். எங்கள் வீட்டில் நடப்பது என்று சொல்ல வாய் துடிக்கும்.

இரண்டு மாதமாக அந்தச் சிடுமூஞ்சி சிரிக்கிறாள். புருஷனின் அரைகுறை ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். திடீரென்று கண்ணாடி வேறு போட்டிருக்கிறாள். யோசிக்கும்போது அதைக் கழற்றி, காதில் மாட்டும் கம்பியைக் கடிக்கிறாள். பதினோரு வருஷமாகக் கண்ணாடி விற்கிறேன். பல் தடம் பதிந்த கம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் கற்பனையில் வராது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். எனக்குக் கண்ணாடி கிடையாது.

வசனம் எழுதப் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி முதல் மாதம் வாய் ஓயாமல் சொன்னீர்கள். இப்போது அவள் பேச்சே இல்லை. நானாகக் கேட்டதற்கு, ‘யாரு, அவங்களா? இருக்காங்க’ என்றீர்கள். கண்ணாடி போடுவாளா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை.

வியாழக்கிழமை தொடரில் அந்தப் புருஷன் சிடுமூஞ்சிக்குக் காபி போட்டான். அலமாரியைத் திறந்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே சர்க்கரையை எடுத்தான். நம் மகள், ‘அப்பாவுக்குத் தண்ணிக் குடம் எங்க இருக்குன்னே தெரியாது, இவரு சர்க்கரை எடுக்கறாராம்’ என்று சிரித்தாள். மறுநாள் கடையிலும் அதே பேச்சுதான். ‘அந்த ஆளு எப்படிம்மா ஒரே நாள்ல மாறுவான்? நம்பற மாதிரியா இருக்கு? இனிமே நாங்க பாக்கப் போறதில்ல’ என்றார்கள்.

ஊரே நம்ப முடியவில்லை என்கிறது. நான் மட்டும் நம்பிவிட்டேன்.

பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? என் சண்டையைத் திருடாதீர்கள் என்று கத்தியவள், இப்போது ஒவ்வொரு நாளும் என்னுடையது ஏதாவது வருகிறதா என்று டிவி முன்னால் காத்துக் கிடக்கிறேன்.

எந்த வீட்டு அலமாரி என்று கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போங்கள். நம் வீட்டில் சர்க்கரை மேல்தட்டில், இடது ஓரத்தில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய சிடுமூஞ்சி