பாகு வாங்கி வந்தது நான்

இன்று காலை மோகனூர்ச் சாலையில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஏற்றிய டேங்கர் லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. அந்தப் புளித்த இனிப்பு வாடை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி நின்றுவிட்டேன். நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கல்லூரியில் நீ விலங்கியல் வாத்தியார், நான் தாவரவியல். எழுபதுகளின் கடைசியில் உனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஆலையும் புகையும் பெருகிக் காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனால் செடி என்னாகும், அதைத் தின்னும் புழு என்னாகும்? உன் ஆமணக்குக் காட்டில் பாலிதீன் கூடாரம் கட்டினாய். உள்ளே பானைகளில் பாகும் தண்ணீரும் கலந்து புளிக்க வைத்தாய். புளிக்கும்போது கிளம்பும் கரியமில வாயுதான் செடிக்கு. ஆலையில் ஆள் பிடித்துப் பாகை டின் டின்னாக வாங்கி வந்தவன் நான்.

கூடாரத்து இலை முறம் மாதிரி விரிந்தது. நான் குதித்தேன். நீயோ ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழுவை இலையில் விட்டு, அது தின்னும் முன்பும் பின்பும் இலையைக் கட்டத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணினாய்.

"எலை பெருசுதான் மாப்ளே, சத்துதான் கொறஞ்சுபோச்சு. வகுறு நெறையாம புழு சேத்தித் திங்குது. நாளைக்குக் காடு பூராவும் இப்படி ஆனா குடியானவன் என்ன பண்ணுவான்?" என்றாய். கண்டுபிடித்த சந்தோஷம் உன் குரலில் துளியும் இல்லை.

அது மதுவிலக்குக் காலம் என்பது படித்த நம் இருவர் மண்டையிலும் ஏறவே இல்லை. வாடை பிடித்து யாரோ சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து, சாராய ஊறல் என்று பானைகளை உடைத்தார்கள், செடிகளை மிதித்தார்கள். ஊரே வரப்பில் நின்று பார்த்தது.

"ஏனுங்க சார், பாகு யாரு கொண்டாந்ததுங்க?" என்று ஏட்டு என்னைக் கேட்டார்.

வேலை போய்விடும் என்று பயந்தேன். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் நாந்தான்" என்றாய்.

வழக்கு நிற்கவில்லை. ஆனால் 'சாராய வாத்தியார்' என்ற பெயர் நீ ஓய்வு பெறும்வரை உன்னை விடவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு புழுவையும் வளர்க்கவில்லை. அந்த நாளைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவும் இல்லை. நீ கண்டதையே பல வருடம் கழித்து யாரோ எழுதியதைப் பத்திரிகையில் படித்தேன். உன்னிடம் கொண்டுவந்து காட்ட எனக்கு முகம் இல்லை.

உன் கருமாதியன்று உன் மகனைத் தனியே அழைத்துச் சொன்னேன். "பாகு வாங்கியாந்தது நாந்தான் சாமி."

"தெரியுங்க மாமா" என்றவன் உள்ளே போய் அந்தக் கட்டத்தாள் நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. கடைசித் தாளில் முழு இலை மட்டும் இருக்கிறது. புழு தின்ற பிறகு வரைவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அட்டையில் உன் கையெழுத்தில் இரண்டு பெயர்கள். முதலில் என்னுடையது.