கீறலில் விரல் வைக்காதீர்கள்

சுபின் அப்பா,

நம் பாய்மரப் படகின் கீறலில் ஜெல்கோட் பூசிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். காற்றுப் பட்டால் பூச்சு சரியாக இறுகாது. அதனால் சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளை முழுக்க அதன்மேல் ஒட்டிவிட்டேன். உங்கள் கிம்பாப் சோற்றுச் சுருள் தட்டில் மூடாமல் கிடப்பது அதனால்தான். சோறு காய்வதற்குள் சாப்பிடுங்கள்.

"காஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்று போன வருஷம் போல விரலை வைக்காதீர்கள். அந்தக் கட்டைவிரல் ரேகையை உப்புத்தாளால் தேய்த்தே என் ஞாயிற்றுக்கிழமை போனது.

அப்புறம், "எம் பொண்டாட்டிதான் இடிச்சா" என்று படகுத்துறை முழுக்கச் சொல்கிறீர்களாம். கீறலைச் சுரண்டினேன், உள்ளே சிவப்புப் பெயின்ட். சிவப்புத் தூண் தீவுத் துறையில்தான் இருக்கிறது. அங்கே சுக்கான் உங்கள் கையில் இருந்தது. நான் உள்ளே ராமியோன் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பயப்படாதீர்கள். பூசுவதற்கு முன் அந்தச் சிவப்பைத் துளி விடாமல் சுரண்டிவிட்டேன். இனி சாட்சி நான் ஒருத்திதான். நண்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நான் வருவதற்குள் நீங்கள் குழம்பு வைத்துவிட்டால், சாட்சிக்கும் எல்லாம் மறந்துவிடும்.