பாலத்தைத் தாண்டாத ரதி

மச்சான்,

இன்று காலை, நுவரெலியாவில் நான் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீசுக்கு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்று கடைக்காரர் அவளுடைய மெஷினைப் பிடித்து வைத்திருக்கிறாராம். அவள் மூக்கை உறிஞ்சியபடி சொல்லச் சொல்ல, உன் ஞாபகம் வந்து நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். பிறகு பிளேன்டீ வரவழைத்துச் சமாளித்தேன்.

அந்த மாசியில் நம் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் நான் மன்மதன், நீ ரதி. உன் மனைவி முழுகாமல் இருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்ந்துதான் வேஷம் கட்டினாய். காப்புக் கட்டியதிலிருந்து உன்னை யாருமே பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. உன் மாமியார்கூட "ரதி, சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்டார். அந்த மிதப்பில், லிந்துலை டவுன் கடை முதலாளி வந்து நீட்டிய ஒப்பந்தத்திலும் 'ரதி' என்றே கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

அவருடைய புதுக்கடைத் திறப்புக்கு நாம் போய் ஆட வேண்டும். கூத்தின் கடைசி நாளில் காமனை எரித்த பிறகுதானே என்று நீ நினைத்தாய். அவரோ எரிப்புக்கு முந்தின நாளைக் குறித்துவிட்டார். காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டலாமா? வர முடியாது என்றதும் மனுஷருக்குக் கோபம். நம் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறதே என்று நாம் அவர் கடையில் வைத்திருந்த நம் வேஷப் பெட்டியைத் தரமாட்டேன் என்றார். கிரீடமில்லை, சேலையில்லை. உன் நேர்த்தி அந்தரத்தில் நின்றது.

அவர் குறித்த நாளன்று காலையில் லொறியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு, நம்மையும் அள்ளிப்போக அவரே எல்லைப் பாலத்துக்கு வந்தார்.

"கையெழுத்துப் போட்டியா இல்லையா?"

"போட்டது யாருங்க முதலாளி?"

"ரதின்னு இருக்கே, நீதான்!"

"அப்ப ரதி காப்புக் கட்டியிருக்குங்க, பாலத்தைத் தாண்டாது. இல்ல, என்னையத்தான் கூட்டிட்டுப் போவேன்னா, நான் கையெழுத்தே போடலீங்களே!"

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை அவரே இறக்கிவைத்தார். கடைத் திறப்பையும் தள்ளிப்போட்டார். எரிப்பு முடிந்து நாமும் போய் ஆடிவிட்டு வந்தோம்.

இப்போது எனக்குத் தெரிந்த சட்டப்படி உன் வாதம் நிற்காது, மச்சான். எந்தப் பேரில் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துதான். ஆனால் ஒப்பந்தம் செல்லுபடியானாலும், நம் பெட்டியைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. தையல்காரப் பெண்ணுக்கும் இதைத்தான் சொன்னேன். நாளைக்கே கடைக்காரருக்கு நோட்டீஸ் போகிறது.

மகள் பிறந்த பிறகும் வருஷா வருஷம் நீதான் ரதி. நீ கண்ணை மூடிய பிறகு வந்த மாசியில் ரதி வேஷத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். மன்மதன் எரிந்ததும் அழ வேண்டும். எனக்கோ நீ பாலத்தில் இடுப்பில் கைவைத்து நின்ற நிற்புதான் கண்ணில் வந்து நின்றது, சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டத்தின் முன்னாலிருந்து உன் மகள் கத்தினாள்: "மாமா, சிரிக்காதீங்க! அப்பா மாதிரி அழுங்க!"

அழுதேன் மச்சான். தப்பு மேளம் அடித்தவர்கள் நிறுத்திய பிறகும் அழுதேன்.