நாலு பீஸோடு ஏறிய ரயில்

யாரிடமும் இல்லையென்று சொல்லத் தெரியாத என் பிரியமான அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கோபமாக இருக்கிறேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் அது தீரவில்லை. திருப்பூரில் உங்களைத் தெரிந்தவர்கள் எல்லாம் தங்கமான மனுசன், யார் மனமும் கோணப் பேசமாட்டார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் குணம்தானே அண்ணா உங்களைக் கொண்டுபோனது?

பெங்களூர் போகிற காலை ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்காக நம்மிடம் சட்டை வாங்கும் அதே பையிங் ஆபீஸ். அதே மூன்று மணி மீட்டிங். நீங்கள் தூக்கிக்கொண்டு போவீர்களே, அந்த மாதிரி ஒரு சாம்பிள் பெட்டி இந்தத் தடவை என் மடியில் இருக்கிறது.

எப்படிப் போவது என்று போன வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு. சித்தப்பா விமானம் என்றார். "ஒரு மணி நேரத்துல போயி எறங்கிர்லாம் கண்ணு, எதுக்கு அலைச்சலு?" என்றார். நீங்கள் விரலை மடக்கி மடக்கிப் போடும் கணக்கை அவருக்கு நான் போட்டுக் காட்டினேன். பீளமேடு விமான நிலையம் போக ஒரு மணி நேரம், அங்கே முன்கூட்டிப் போய்க் காத்திருக்க ஒன்றரை மணி நேரம், பறப்பது ஒரு மணி நேரம், இறங்கி நெரிசலில் ஊருக்குள் போய்ச்சேர இரண்டு மணி நேரம். கேட்டுக்கொண்டே இருந்த சித்தப்பா கடைசியில் நீங்கள் சொல்வதையே சொன்னார். "அப்பறம் எதுக்கு பிளேனு? கார்லயே போயிரு. நல்ல டிரைவரா நான் பாத்துத் தர்றேன்."

கார் என்ற சொல் விழுந்ததும் நங்கை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உங்கள் மனைவி சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்ததை இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். ரயிலில் போகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கையில்லை. நம் ஊரில் ரயில் டிக்கெட் எடுப்பது வீட்டில் இருப்பவர்களைச் சமாதானப்படுத்தத்தானே? டிக்கெட்டும் கையில் இருக்கும், கடைசி சாம்பிள் பீஸும் டைலர் கையில் இருக்கும். ரயில் நமக்காக நிற்காது. கார் நிற்கும். கடைசி பட்டனைத் தைத்து, அயர்ன் போட்டு, மடித்து வைக்கிறவரைக்கும் வாசலில் நிற்கும். அந்தச் சௌகரியத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம். கூரியரில் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, "நேர்ல போயி நிக்கறதுதான் கண்ணு மரியாதை" என்றீர்கள். யாருக்கு மரியாதை? அவர்களுக்கா, உங்கள் உயிருக்கா?

அன்றைக்கு நடந்ததை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஷிப்மென்ட் வேலையில் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காமல் இருந்தீர்கள். "ரயில்ல போனா தூங்கிட்டே போலாமுங்க" என்று நங்கை மன்றாடினார். ஆகட்டும் என்றீர்கள். பையிங் ஆபீஸ் அம்மாவிடம் மூன்று மணிக்கு வந்துவிடுகிறேன் என்றீர்கள். பெட்டியை எடுக்கக் கம்பெனிக்கு வந்தீர்கள். காரை அங்கே விட்டுவிட்டு, டைலர் சாமியப்பனின் வண்டியில் ஸ்டேஷன் போவதாகப் பேச்சு.

அங்கே நான் ஐந்து பீஸையும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் துவைக்கும் முறை எழுதிய லேபிள் இடதுபக்கத் தையலில் வர வேண்டியது, வலதுபக்கம் வந்திருந்தது. "பத்து நிமிசமுங்கண்ணா, பிரிச்சுத் தெச்சுக் குடுத்தர்றனுங்க" என்றேன்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாலே போதும், பெட்டியைக் கட்டு என்று அதட்டியிருக்கலாம். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், "ஆகட்டும் கண்ணு, மெதுவாத் தையி" என்றீர்கள்.

பிரிக்கும்போது துணி கிழிந்தது. புதிதாக ஒன்று வெட்டித் தைக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்டூலில் உட்கார்ந்து போனில் டிக்கெட்டை ரத்து செய்தீர்கள். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "உங்க நங்கைகிட்டச் சொல்லிப்போடாத. சாயந்தரம் நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினீர்கள். மூன்று பேருக்கு மூன்று 'ஆகட்டும்' சொல்லிவிட்டு, அத்தனையையும் அந்தக் காரை ஓட்டியே காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தீர்கள். தொப்பூர் பக்கத்தில் லாரி ஒன்று ஓரமாக நின்றுகொண்டிருந்தது. உங்கள் கண் மூடியிருக்க வேண்டும் என்றார்கள்.

டிக்கெட்டில் நங்கையின் போன் நம்பரைக் கொடுத்திருந்ததை மறந்துவிட்டீர்களே, அதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? ரத்தான செய்தி அவர் போனுக்குத்தான் போனது. அடுப்பு வேலை முடிந்து அவர் அதைப் பார்த்தபோது மணி பதினொன்று. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். எடுக்க நீங்கள் இல்லை.

பெட்டி மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன். லேபிள் இடதுபக்கம் சரியாகத்தான் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நங்கை அந்தச் செய்தியை அழிக்கவில்லை. அவ்வப்போது எடுத்து என்னிடம் காட்டுவார். "பாருங்க அம்மிணி, ரயிலேறறேன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டு, அந்தப் பக்கம் போயி கேன்சல் பண்ணிப்போட்டாருங்க. கடைசியா எங்கிட்டப் பேசுனதே பொய்தானுங்க" என்பார். "ஆமாங்க நங்கை" என்பேன். ஒரு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வீட்டில் சொன்னபோது அது பொய்யில்லை. ரயிலேறத்தான் கிளம்பினீர்கள். பொய்யாக்கியது நான். என் பத்து நிமிடத்துக்கு உங்களைப் பழி சுமக்க விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று ஆமாம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கும் உங்கள் மேலேயே கோபப்படுகிறேன். சொல்லாதே என்று ஏன் அண்ணா சொன்னீர்கள்?

இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது தெரியுமா? ஐந்தாவது பீஸில் காலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சாமியப்பன் மிஷினில் உட்கார்ந்தே, "பத்து நிமிசமுங்க அம்மிணி" என்றார். வாசலில் சித்தப்பா கார்ச் சாவியோடு நின்றார். "ரயிலு போனாப் போகட்டும் கண்ணு, டிரைவரு வந்துட்டான்" என்றார். எனக்கு நீங்கள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அந்த ஸ்டூல் மட்டும்தான் கண்ணில் பட்டது.

போனை எடுத்துப் பையிங் ஆபீஸ் அம்மாவுக்குச் செய்தி அடித்தேன். நாலு பீஸ்தான் கொண்டுவர முடியும், ஐந்தாவது அடுத்த வாரம் வரும் என்று. ஆர்டரே கையைவிட்டுப் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். நம் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து சட்டை வாங்குகிற ஒரு பையரிடமும் அப்படிச் சொன்னதில்லையே. சாமியப்பன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "மிஷினை நிறுத்துங்க, ஸ்டேஷனுக்கு வண்டியெடுங்க" என்றேன்.

ஈரோடு தாண்டியதும் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான் அண்ணா. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சரி என்று ஒரு கட்டைவிரல்.

பெட்டியை அணைத்துக்கொண்டு, ரயிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் உங்களுக்கும் அந்தக் கட்டைவிரல்தானே வந்திருக்கும்? நான் ஒரு தடவை கேட்டிருந்தால்? இத்தனை வருடத்தில் நமக்கு யார் சொன்னது, கேட்கவே கூடாதென்று?

சேலம் தாண்டியாகிவிட்டது. தொப்பூர் வரப்போகிறது. ஜன்னல் சீட்டைப் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டு உள்பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறேன். நங்கை கட்டிக்கொடுத்த இட்லி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. கிளம்பும்போது என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். நம்பர் அவருடையது. நான்தான் கொடுத்தேன். இன்றைக்கு முழுக்க அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தான செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வராது.

நாளைக்குத் திரும்பி வந்ததும் நேராக நங்கையிடம்தான் போவேன். லேபிளைப் பற்றி, ஸ்டூலைப் பற்றி, சாயந்தரம் நானே சொல்லிக்கறேன் என்று நீங்கள் சொன்னதைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவர் என்னோடு பேசாமல் போகலாம். என் முகத்தில் விழிக்காமலே இருக்கலாம். இருக்கட்டும். நீங்கள் சொல்லாமல் விட்ட சாயந்தரத்தை நான் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு அவர் உங்களைத் திட்டினால் தூக்கமில்லாத கண்ணோடு காரோட்டியதற்குத் திட்டட்டும். பொய் சொன்னதற்குத் திட்ட வேண்டாம்.

இனி யாரிடமும் பத்து நிமிடம் கேட்காத,
உங்கள் தங்கை.