ரெண்டு சின்ன டென்ட், ஒரு பெரிய டென்ட்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. பார்த்து எடுத்துக்கச் சொல்லிக் கொடுத்ததுல வேண்டாத டென்ட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போக அஞ்சு மணிக்குக் கடைக்காரர் வருவார்.

மலையேறச் சுமை குறையணும், அதனால ஆளுக்கொரு சின்ன டென்ட்னு சொன்னீங்க. பார்சல் கவுண்டர்ல பன்னெண்டு வருஷமா எடை போடுறவகிட்டயா இந்தக் கதை? போட்டுப் பார்த்துட்டேன். சின்னது ரெண்டும் சேர்ந்து ரெண்டு கிலோ. ரெண்டு பேர் படுக்கிற பெரியது ஒன்றரைதான். என் குறட்டைதான் காரணம்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!

எதைத் திருப்பிக் கொடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்லல. காலையிலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல.

அலமாரிச் சாவி உங்க ஷூவுக்குள்ள.

இன்னொண்ணு. நேத்து ஹால்ல சின்ன டென்ட்டுக்குள்ள தனியாப் படுத்துப் பார்த்தேன். குறட்டையே வரல. தூக்கம் வந்தாத்தானே!