எத்தனை ஜோடி மாடு

தொலைநோக்கி மலை, அட்டகாமா பாலைவனம்

அன்பு மனைவி நோல்ஃபாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே தெற்கே கடல் கரையை அரிப்பதால், வருகிற மாதம் ஊராரைக் கூட்டி, நம் மரவீட்டைப் பிரிக்காமல் அப்படியே உருளைக்கட்டைகள்மேல் ஏற்றி, மாடு பூட்டி மேட்டுக்கு இழுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதே நினைப்பில் இருந்ததால் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. பயப்படாதே, சமையல் வேலை போகவில்லை.

அண்டம் விரிகிறது, நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று வரவர வேகமாக விலகுகின்றன என்று சாப்பாட்டு மேசையில் வானியலாளர் வலேஸ்கா சொல்லிக்கொண்டிருந்தார். சூப் ஊற்றிக்கொண்டிருந்த நான், "எத்தனை ஜோடி மாடு பூட்டியிருக்கு மேடம்?" என்று கேட்டுவிட்டேன். மேசையே சிரித்தது. வலேஸ்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அதாம்ப்பா எங்களுக்கும் தெரியல. எது இப்படித் தள்ளுதுன்னே தெரியல."

"கடைசியில எங்க போய் நிக்கும்?"

"நிக்காமலே போகலாம். ஒண்ணு கண்ணுக்கு ஒண்ணு தெரியாமலே போயிடலாம். இல்ல, வேகம் ஓய்ஞ்சு திரும்பியும் வரலாம்."

இவ்வளவு படித்தவர்களுக்கே தெரியாதாம். எனக்குத் தலை சுற்றுகிறது. போய் நிற்கும் இடத்தைப் பார்த்து வைக்காமல் நம் ஊரில் யாராவது வீட்டை இழுப்பார்களா?

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கண்ணாடிச் சாமான்களை முதலிலேயே இறக்கிவிடு. வீட்டை இழுக்கிற கயிற்றில் என் இடத்தில் உன் தம்பி நிற்கட்டும்.

மலையிறங்கும் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று: வீட்டை எங்கே நிறுத்தினாலும் சமையலறை ஜன்னல் வடக்கே பார்க்கட்டும். நான் இருப்பது அந்தப் பக்கம்தான்.

உன்
எலியேசர்