கோணேசர் கோயில் மானின் கொம்பு

வெள்ளவத்தை, வெள்ளி இரவு.

மான் கொம்பைத் துளைத்தால் இறைச்சி கருகின மணம்தான் வரும். இண்டைக்கு வெள்ளிக்கிழமை எண்டதை நான் யோசிக்கேல்லை. கீழ்வீட்டு அன்ரி வந்து கதவை இடிச்சா. எங்கட தொடர்மாடிக் கமிற்றிக்குத் தலைவி அவதான். அவ வேண்டாம் எண்டால் வீட்டில வைச்சுச் செய்யிற என்ர தொழில் அதோட சரி.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன தம்பி கருக்கிறீர்?"

"இறைச்சி இல்லை அன்ரி, மான் கொம்பு. பேனை செய்யிறன்."

"ஐயோ, மானைக் கொன்றோ?"

"இல்லை. திருகோணமலையில கோணேசர் கோயிலடியில திரியிற மான். கொம்பு தானாக் கழண்டு விழுந்தது."

நான் எனக்கெண்டு அந்தக் கொம்பில செய்து வைச்ச பேனையை அன்ரி எடுத்து, பிள்ளையார் சுழி போட்டுப் பார்த்தா. கண்ணில ஒத்தினா. அப்படியே கொண்டு போயிட்டா.

இந்தக் குறிப்பைச் சாதாரண போல்பொயின்ற் பேனையாலதான் எழுதுறன். போகட்டும். இனி வெள்ளிக்கிழமையும் துளைக்கலாம்.